சொசு என்றால் கீழே

காலை ஆறு மணிக்கு அறந்தாங்கியில் ஓர் உரக்கடையின் மாடியில் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்து பெயர் சொன்னவன் ஹிலாரி. நான் வருகைப் பதிவேட்டில் இலாரி என்று எழுதினேன். பின்னாலிருந்து ஒருவன், "இனிமே நீ லாரிடா, ஓரமாப் போ" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான் என்றுதான் நினைவு.

அன்றைக்கே எல்லாம் கோணிவிட்டது என்று இப்போது எங்கள் ஊரில் பேசுகிறார்கள். நீங்கள் வெளியூர்க்காரர். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். பேருந்து தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை நேரம் இருக்கிறது. அந்தச் சன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், காற்றில் பாதிச் சொல் போய்விடுகிறது.

என் பேச்சு ஏட்டுத் தமிழாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுக்கு மேல் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். பெயர் இளம்பரிதி. சான்றிதழில் வேறு பெயர் இருக்கும், பாலபாஸ்கரன் என்று. அப்பா வைத்தது. கல்லூரியில் சேர்ந்த ஆண்டே அதைக் கைவிட்டேன். ஜ, ஸ, ஷ, ஹ ஆகிய எழுத்துகளை அன்றிலிருந்து நான் எழுதியதில்லை. சொல்லத் தெரியாது என்றில்லை. இப்போது உங்களிடம் சொன்னேன் அல்லவா. எழுதமாட்டேன், வகுப்பில் நின்று சொல்லவும் மாட்டேன். அது ஒரு கொள்கை. ஒரு மனிதனுக்கு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்று மூன்றாம் ஆண்டு, இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆவணியில், நாகூர்கனி என் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். முன்பெல்லாம் வளைகுடாதான். இப்போது அங்கே சம்பளம் படிவதில்லை என்று ஐரோப்பா பக்கம் திரும்பியிருந்தார்.

"அய்யா, ருமேனியாவுல கட்டட வேலைக்கு ஆள் கேக்குறாங்க" என்றார். "அவங்க பாஷையில கொஞ்சமாச்சும் தெரிஞ்சிருக்கணுமாம். மெட்ராஸ்ல சொல்லிக் குடுக்குறவரு இங்க வரமாட்டேங்கிறாரு. நீங்க மொழி வாத்தியாருதானே?"

எனக்கு உருமேனியம் தெரியாதே என்றேன். ரகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது, அதனால் உருமேனியம். நாகூர்கனி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"வகுப்பு ஆரம்பிக்க இன்னும் ரெண்டு வாரம் இருக்குய்யா" என்றார்.

படித்தேன். ஆங்கில வழியாக உருமேனியம் சொல்லித்தரும் புத்தகம் ஒன்று வாங்கினேன். கைப்பேசியில் ஒரு செயலி. விடியற்காலை எழுந்து படிப்பேன். என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, அதனால் ஒலியை அணைத்துவிட்டு எழுத்தைப் பார்த்தே படித்தேன். எழுத்தைப் பிடித்துவிட்டால் மொழி வந்துவிடும், ஒலி பின்னால் தானாக வரும். பையன்களைவிட நான்கு பாடம் முன்னால் இருந்தேன். எந்த ஆசிரியரும் அவ்வளவுதான், வெளியே சொல்லமாட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த மொழி எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கே என்பதற்கு உண்டே. இப்போது என்பதற்கு ஆகும். தண்ணீருக்கு அப. "தாகமெடுத்தா அப்பான்னு கத்துங்கடா" என்று பையன்களே சொல்லிக்கொண்டார்கள். பகல் வணக்கம் என்பதற்குப் புன சிவா என்று எழுதிப் போட்டேன். அவர்கள் எழுத்தில் அது வேறு, தமிழில் சகரம்தான் வரும். கோட்டைச்சாமி என்று ஒருவன், மணமேல்குடிப் பக்கம், பிரதோசம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். அவன் எழுந்து கையைக் கூப்பி, "அங்கயும் நம்ம ஆளுதானா ஐயா" என்று கேட்டான். அன்றெல்லாம் மகிழ்ச்சியாக இருந்தது. உருமேனியத்தில் தமிழ் வேர்கள் என்று நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இன்று தஞ்சாவூரில் அதைத்தான் ஒரு மன்றத்தில் படிக்கப் போகிறேன்.

சரி, கரும்பலகையில் நடந்ததற்கு வருகிறேன்.

கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு மேலே, கீழே, நிறுத்து, தூக்கு, விடு, இவை முதலில் தெரிய வேண்டும். மேலே என்பதற்கு அவர்கள் சொல் சுசு. கீழே என்பதற்குச் சொசு. இரண்டையும் பலகையில் பெரிதாக எழுதினேன். சுசுவுக்கு வகுப்பே சிரித்தது, ஏன் என்று உங்களுக்குத் தெரியும். சிரித்தால் மறக்காது என்று விட்டுவிட்டேன்.

இலாரி எழுந்தான். செகதாப்பட்டினத்துப் பையன், மீன்பிடிக் குடும்பம். கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. படகு வேலை வேண்டாம் என்று இதற்கு வந்தவன். அமைதியானவன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பிடிவாதம் உண்டு. அதை நான் அன்றே கவனித்தேன்.

"ஐயா, ஃபோன்ல கேட்டேன். ரெண்டாவது ஜொஸ்னு வருது. ஜ போட்டு எழுதுனா வித்தியாசம் தெரியும்ல?" என்றான். கேட்டதோடு நிற்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து என் எழுத்துக்குப் பக்கத்திலேயே அந்த எழுத்தைப் போட்டு எழுதினான்.

நான் கோபப்படவில்லை. என் துண்டாலேயே அதை அழித்தேன். "தம்பி, சு வேறு, சொ வேறு. ஒன்று உகரம், ஒன்று ஒகரம். தமிழ்க் காது உள்ளவனுக்கு அந்த வேறுபாடு போதும். ஓர் அயல் சொல்லுக்காக ஓர் அயல் எழுத்தா?" என்று கேட்டேன். பிறகு அவனையே பலகைக்கு முன்னால் நிறுத்தி, சொசு என்றால் கீழே, சொசு என்றால் கீழே என்று சொல்ல வைத்தேன். அந்த வாரம் முழுவதும் வகுப்பு தொடங்கும்போது அவன்தான் சொல்லுவான், மற்றவர்கள் பின்பாட்டு. ஐந்தாறு நாளில் ஜகரம் அவன் வாயைவிட்டுப் போய்விட்டது. ஆசிரியர் தொழிலில் இதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

தை பிறந்ததும் தேர்வு. அங்கிருந்து அந்த நிறுவனத்தின் பெண்மணி ஒருவர் காணொளியில் வந்தார். ஒவ்வொருவரிடமும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நலமாக இருக்கிறேன் என்பதற்கு அவர்கள் மொழியில் சுந்த் பினே. நம் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து கணீரென்று சொன்னார்கள். அந்த அம்மையார் சிரித்தார். ஐந்தாவது பையன் சொல்லும்போது பக்கத்து மேசையிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். அவர்களும் சிரித்தார்கள். அப்படி ஓர் அன்பு. பத்தொன்பது பேரும் தேர்வானார்கள். ஒருவர்கூட விடுபடவில்லை. வகுப்பு சரியில்லை என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே ஆள் கிடைக்காத நேரம், யார் போயிருந்தாலும் எடுத்திருப்பார்கள் என்று நாகூர்கனியே பின்னால் ஒருநாள் சொன்னார். அது அவர் கருத்து.

பங்குனியில் கிளம்பினார்கள். திருச்சி விமான நிலையம்வரை நானும் போனேன். இலாரி காலில் விழப் பார்த்தான், தமிழன் யார் காலிலும் விழக்கூடாது என்று தடுத்தேன். அவன் மனைவி நிரோசா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எல்லாம் ஞாபகம் இருக்கா, ஐயாகிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டிட்டுப் போங்க" என்றாள். அவன் சொன்னான். ஒரு பிழையும் இல்லை.

கருங்கடல் ஓரத்தில் ஒரு துறைமுக நகரம். ஊர்ப் பெயர் வேண்டாம். அடுக்குமாடி கட்டுகிறார்கள். ஆறு மாதம் நம் பையன்கள் செங்கல்லும் பலகையும் சுமந்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எவனாவது எனக்குப் பேசுவான். குளிர், பன்றிக் கறி, அரிசி கிடைக்காதது, இதெல்லாம் சொல்லுவார்கள். மொழியைப் பற்றிக் கேட்டால், "கையைக் காட்டி ஓட்டிக்கிறோம் ஐயா" என்பார்கள். எனக்கு அது வருத்தம். அவ்வளவு உழைத்துச் சொல்லிக்கொடுத்தது எதற்கு?

அங்கே சாமான் ஏற்றி இறக்க ஒரு தூக்குத் தட்டு உண்டு. பையன்கள் ஹாய்ஸ்ட் என்பார்கள். கட்டடத்தின் பக்கவாட்டில் கம்பிக் கூண்டுக்குள் ஏறி இறங்கும். இயக்குகிறவன் தரையில் பொத்தானருகே நிற்பான். மேலே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் கையில் ஒரு வாக்கிடாக்கி. மேலிருந்து மேற்பார்வையாளர் ஒரு சொல் சொல்லுவார். அதை இவன் திருப்பிச் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் தா என்பார். தா என்றால் ஆமாம். அதன் பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். நல்ல முறை. நம் ஊரில் இதெல்லாம் யார் செய்கிறார்கள்?

அக்டோபரில் ஒருநாள், வழக்கமாக இயக்குகிற நேப்பாளிப் பையனுக்குக் காய்ச்சல். இலாரியை நிறுத்தினார்கள். முதல் நாள். அதுவரை அவன் அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. நண்பகலுக்குச் சற்று முன்னால், நான்காம் தளத்தில் தட்டுக்கு அடியில் ஒரு பலகை குறுக்கே சிக்கிக்கொண்டது. கோட்டைச்சாமி கூண்டுக் கதவைத் திறந்து, இடுப்புவரை உள்ளே குனிந்து, பலகையைப் பிடித்து இழுத்தான். தட்டு அவன் முதுகுக்கு மேலே நின்றது. பக்கத்தில் மேற்பார்வையாளர், தோரு என்று பெயர். பலகை வர இடம் போதவில்லை, தட்டை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். தோரு வாக்கிடாக்கியில் மேலே என்றார். இலாரி திருப்பிச் சொன்னான். தோரு தா என்றார். தட்டு கீழே இறங்கியது.

இலாரி திருப்பிச் சொன்னது எந்தச் சொல் என்பதுதான் வழக்கு. மேலே என்றுதான் என் காதில் விழுந்தது, அதனால்தான் ஆமாம் என்றேன் என்கிறார் தோரு. எனக்குக் கேட்டது கீழே என்றுதான், அதைத்தான் திருப்பிச் சொன்னேன் என்கிறான் இலாரி. ஒருவேளை இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்களோ என்னவோ. எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இல்லை.

கோட்டைச்சாமி வந்து சேர இருபது நாள் ஆயிற்று. பெட்டியைத் திறக்கக்கூடாது என்று தாள் ஒட்டியிருந்தது. நான் இடுகாடுவரை போனேன். ஆசிரியர் பேச வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பேசினேன். திரைகடலோடி உழைக்கப் போன தமிழரின் வரலாற்றைச் சோழர் காலத்திலிருந்து எடுத்துச் சொன்னேன். பாதியில் நாகூர்கனி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கோட்டைச்சாமியின் மனைவி பெட்டியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டே இருந்தாள், தலை தூக்கவில்லை. அந்தப் பையன் புன சிவா என்று கையைக் கூப்பியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அதையும் சொல்ல நினைத்தேன், அதற்குள் அழுதுவிட்டேன். நான் கல் நெஞ்சன் இல்லை.

இலாரியைச் சிறையில் வைக்கவில்லை. கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாட்டைவிட்டுப் போகக்கூடாது, வேலையும் செய்யக்கூடாது, வழக்கு முடியும்வரை காத்திரு என்றார்கள். தகரக் கொட்டகையில் மற்றப் பையன்கள் தங்கள் சோற்றைப் பங்கு வைத்து அவனுக்குப் போட்டார்கள்.

அதில் ஒருவன் விடுப்பில் ஊருக்கு வந்தான். தேநீர்க் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சுசுவும் சொசுவும் ஊர் முழுக்கப் பரவின. நான் தெருவில் போனால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும், "சொசு சார்." திரும்பினால் எல்லோரும் வேறெங்கோ பார்ப்பார்கள். காய்கறிக் கடையில், எடைத்தட்டு கீழே இறங்கினால், கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். என்னிடம் படித்தவர் அவர். அவருடைய மகனுக்கு நான்தான் பெயர் வைத்தேன். உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? இல்லை, பரவாயில்லை. அடுத்த அணிக்கு நாகூர்கனி மதுரையிலிருந்து ஓர் இளைஞனைக் கூட்டிவந்தார். ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொடுக்கிறானாம். என் குறை இதுதான். செத்தவனுக்காக நான் அழுதேன். மாட்டிக்கொண்டவனுக்காக வருந்தினேன். எனக்காக ஒருவர், ஒரே ஒருவர், உங்கள் மேல் தவறில்லை ஐயா என்று சொல்லவில்லை.

சென்ற ஆண்டு சூலையில் நிரோசா என் வீட்டுக்கு வந்தாள். கூடவே கோட்டைச்சாமியின் மனைவி. அவள் உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றாள். என் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் தொடவில்லை.

நிரோசா உருமேனியம் படித்திருக்கிறாள், தெரியுமா? பத்தாம் வகுப்புவரை போனவள். அங்கே அரசு வைத்துக்கொடுத்த வழக்கறிஞரிடம் பேச யாருமில்லை, இலாரிக்கு வாய் வரவில்லை. அதனால் குழந்தை தூங்கும் நேரத்தில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்திருக்கிறாள். ஒரு பிடிப்பும் இல்லாமல், இலக்கணம் இல்லாமல், காதால் மட்டும். வழக்கறிஞரோடு நேரடியாகவே பேசுகிறாள். எனக்கு வியப்புத்தான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாருமில்லை என்றாள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. தேர்வு அன்னைக்கு அவங்க எதுக்குச் சிரிச்சாங்க தெரியுமா? பஸ்ஸுல வர்ற ப மாதிரி மெல்லமா பினேன்னு சொன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம். அந்த பகரத்தை அழுத்தமா, நம்ம பல்லு, பழம் மாதிரிச் சொன்னா அவங்களுக்கு ரொட்டின்னு கேக்குமாம். பத்தொம்பது பேரும் நான் ரொட்டி, நான் ரொட்டின்னு சொல்லிருக்காங்க."

சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நான் தமிழ் வல்லெழுத்தின் இயல்பை விளக்கினேன். முதலில் வந்தால் வன்மை, இடையில் வந்தால் மென்மை. நம் எழுத்து இடம் பார்த்து ஒலிக்கும், அது குறையில்லை, நுட்பம். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு கைப்பேசியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதுல நீங்க சொல்ற வார்த்தைக்குப் படம் வரும் ஐயா. கீழன்னு சொல்லுங்க."

சொசு என்றேன். மேலே போகும் அம்புக்குறி வந்தது.

"இப்ப மேலன்னு சொல்லுங்க."

சுசு என்றேன். அதே மேலே போகும் அம்புக்குறி.

"இன்னொரு தடவை கீழ சொல்லுங்க ஐயா."

சொன்னேன். மேலே.

இயந்திரம் தமிழ் வாய்க்காகச் செய்யப்பட்டதில்லை என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜ வச்சு ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்" என்றாள். வரும், ஆனால் சொல்லமாட்டேன் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் என்ன செய்ய?

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். வழக்கறிஞர் கேட்கிறாராம். இலாரி கவனக்குறைவால் செய்யவில்லை, அவனுக்கு அந்த இரண்டு சொல்லும் ஒரே மாதிரிதான் கற்பிக்கப்பட்டது, அதனால் வாயிலும் காதிலும் ஒன்றாகிவிட்டது என்று கற்பித்தவரே எழுதிக் கொடுத்தால் போதுமாம். அப்படியானால் குற்றம் இவன் மேல் நிற்காது. மொழி தெரியாதவனை, பயிற்சி இல்லாதவனை, முதல் நாளிலேயே பொத்தானருகில் நிறுத்திய நிறுவனத்தின் மேல் போகும். இவன் ஊருக்கு வந்துவிடலாம்.

"உங்களைக் குத்தம் சொல்றதுக்கு இல்ல ஐயா. ரெண்டையும் ஒரே எழுத்துல சொல்லிக் குடுத்தேன், அவ்வளவுதான். நாலு வரி. அவரு வந்துருவாரு. பாப்பாவுக்கு அப்பா முகம் ஃபோன்லதான் தெரியும்."

ஒரே எழுத்து என்பது பொய் அல்லவா? சு வேறு, சொ வேறு. அதை எப்படி நான் எழுதிக் கையெழுத்துப் போட முடியும்? அதைத்தான் அவளிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். அம்மா, உன் கணவர்மேல் எனக்கு அன்பு உண்டு. ஆனால் உடம்பை ஒடம்பு என்றும், குடத்தைக் கொடம் என்றும் சொல்லிப் பழகிய வாய். உகரம் எது ஒகரம் எது என்று தெரியாத பேச்சுவழக்கு. நான் எவ்வளவு திருத்தியும் ஊர்ப்பேச்சு உள்ளே இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் அது தலைகாட்டிவிட்டது. இதற்கு எழுத்தைக் குறை சொல்ல முடியுமா?

அப்போது வாசற்படியிலிருந்து கோட்டைச்சாமியின் மனைவி பேசினாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை.

"எங்க வீட்டு ஆளு போயிட்டாரு. லாரி அண்ணனும் அவரும் ஒரே ரூமு. அண்ணன் வேணும்னு செய்வாரா? எனக்கே அவரு மேல கோவமில்ல. உங்களுக்கு என்ன ஐயா கேடு, எழுதிக் குடுக்குறதுக்கு?"

துயரத்தில் இருப்பவள். யோசித்துச் சொல்கிறேன் என்று நிரோசாவிடம் சொன்னேன். அவள் எழுந்தாள். கைப்பேசியில் இன்னும் அந்த அம்புக்குறி இருந்தது. அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "மோர் கொண்டாந்தீங்க, குடிக்கல, மன்னிச்சுக்கங்கம்மா" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி, "எழுதிக் குடுத்தா என்ன குறைஞ்சு போகும் உங்களுக்கு?" என்று கேட்டாள். முப்பத்தேழு ஆண்டில் அவள் என் தொழிலில் தலையிட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து கை கழுவிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசும் தமிழ் மாறிவிட்டது. வேண்டுமென்றே ஊர்ப்பேச்சு. சன்னலை ஜன்னல் என்கிறாள்.

அந்த வாரமே நாகூர்கனி வந்தார். எல்லாம் கேள்விப்பட்டிருந்தார். "அய்யா, அந்தப் பொண்ணு சொல்றமாதிரி எழுதினா உங்க பேரு கோர்ட்ல நாறிப்போயிடும். நீங்க உண்மையை எழுதுங்க. என்ன சொல்லிக் குடுத்தீங்களோ, அதை. நான் மொழிபெயர்த்து அனுப்பிடுறேன்" என்றார். நேர்மையான பேச்சு. அந்த நிறுவனத்துக்கு இன்னும் ஆள் அனுப்ப அவர் பேசிக்கொண்டிருந்தார் என்பது வேறு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

எழுதினேன். மூன்று பக்கம். இந்த ஐந்தாறு ஆண்டில் நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்த உரைநடை என்று நினைக்கிறேன். மேலே, கீழே ஆகிய இரு பொருளுக்கும் வெவ்வேறு சொற்களே கற்பிக்கப்பட்டன என்று எழுதினேன். அது உண்மை. இலாரி அவற்றைப் பிழையின்றி ஒப்பித்தவர், வகுப்பையே ஒப்பிக்க வைத்தவர் என்று எழுதினேன். அதுவும் உண்மை. அவரைப் பாராட்டித்தான் எழுதினேன், கவனியுங்கள். நல்ல பையன், குடும்பப் பொறுப்பு உள்ளவர் என்றும் சேர்த்தேன். கடைசியில், தொடக்கத்தில் ஆசிரியர் காட்டிய முறையை ஏற்காமல் தன் விருப்பப்படி எழுத முற்பட்டார், சற்றே பிடிவாத இயல்பினர் என்று ஒரு வரி. அதை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள். ஆனால் உண்மையில் பாதியை மட்டும் சொல்வது என் வழக்கமில்லை.

நாகூர்கனி அதை அவர்கள் மொழிக்கு மாற்ற ஆள் பிடித்தார். அந்த ஆள் என்னைக் கூப்பிட்டுச் சில சொற்களுக்குப் பொருள் கேட்டார். நாகூர்கனி அதை நிறுவனத்துக்கு அனுப்பினார், நிறுவனத்தின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கொடுத்தார். இலாரியின் வழக்கறிஞர் அதை எதிர்க்கவில்லையாம். என்ன எதிர்ப்பது? சரியாகக் கற்பிக்கப்பட்டவர், பிழையின்றி ஒப்பித்தவர், அப்படியும் தவறாக அழுத்தியிருக்கிறார் என்றால் அது கவனக்குறைவுதானே என்று நிறுவனத்தின் தரப்பில் கேட்டார்களாம். நீதிபதி என் மூன்று பக்கத்தையும் முழுவதும் படித்தார் என்று நாகூர்கனி சொன்னார். ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஓர் அறந்தாங்கித் தமிழாசிரியரின் எழுத்து. வேறு நேரமாக இருந்தால் நாளிதழில் வந்திருக்கும்.

நிரோசாவுக்கு அதன் படி போயிருக்கிறது. உருமேனியத்திலேயே படித்துவிட்டாள். என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். "ஐயா, நீங்க எழுதினதுல ஒரு தப்புகூட இல்ல" என்றாள். நன்றி அம்மா என்றேன். வைத்துவிட்டாள். ஊரில் எல்லோரும் சேர்ந்து என்னைத் தூற்றும்போது, பாதிக்கப்பட்டவளே அப்படிச் சொன்னாள் என்றால், அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? இதை நான் ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பட்டுக்கோட்டை வந்துவிட்டதா? இங்கே வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். தேநீர் குடிப்பீர்களா? வேண்டாமா. சரி. தீர்ப்பைச் சொல்லவில்லையே நான்.

இந்த ஆண்டு மார்ச்சு பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, அந்த ஊர் நீதிமன்றம் இலாரிக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.